அடுத்தவர் சொன்ன விலையைக் கட்டும் ஏலம்: சிஓஇ வழியாக ஒரு விளக்கம்

அட்வான்ஸ்டு மைக்ரோ என்ற உயர்நிலை நுண்பொருளியல் பாடத்தை எடுத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே புலம்பல்தான். முதல் பாதியில் வரும் விருப்பத்தேர்வு, பயன்பாட்டுச் சார்பு, ஸ்லட்ஸ்கி சமன்பாடு எல்லாவற்றையும் எப்படியோ கணக்காகப் போட்டுப் பழகிவிடுகிறோம், ஆனால் ஆட்டக் கோட்பாடு முடிந்து ஏலங்கள் என்ற பகுதிக்குள் நுழைந்ததும் பக்கம் முழுக்கக் குறியீடு, எதற்காகப் படிக்கிறோம் என்றே புரியவில்லை என்கிறார்கள். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான். அதனால் அதிலிருந்து ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்து நிதானமாகச் சொல்கிறேன். அதன் பெயர் இரண்டாம் விலை ஏலம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளத் தூரமாகப் போகவே வேண்டாம், சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழுக்கான ஏலம் மாதம் இரண்டு முறை நம் கண்முன்னால் நடக்கிறது.

முதலில் என் மாமா கதை. இருபது வருடம் மற்றவர் கடையில் மாவு ஆட்டியவர், சொந்தமாக ஒரு தோசைக் கடை போடவேண்டும் என்று உணவங்காடிக் கடை ஒன்றுக்கு ஏலக்குத்தகைப் படிவம் வாங்கிவந்தார். தேக்கா நிலையத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் அரிசி, உளுந்து, எரிவாயு, உதவிக்கு ஓர் ஆள் என்று வரிசையாக எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். மாத வாடகை 1800 வெள்ளி வரை போனால் கையைக் கடிக்காது, அதற்கு மேல் போனால் யாருக்கோ உழைத்த மாதிரி ஆகிவிடும் என்று முடிவுக்கு வந்தார். அந்த 1800-ஐ நம் பாடத்தில் அவருடைய ‘மதிப்பு’ என்போம். இதை அவர் மட்டுமே அறிவார்.

“அப்ப 1800-ன்னே எழுதிடலாமா?” என்றார்.

எழுதக்கூடாது. அதிகம் கேட்டவருக்குக் கடை, கேட்ட தொகையே வாடகை என்பது விதி. 1800 எழுதி வென்றால் கடை கிடைக்கும், ஆனால் அதனால் வரும் ஆதாயம் முழுவதும் வாடகையில் போய்விடும், மிச்சம் சுழியம். ஆகவே குறைத்துத்தான் எழுதவேண்டும். எவ்வளவு குறைப்பது? மாமா அங்கேயே மடக்கிக் கேட்டார்: “எதிர்ல யார் யார் போடுறாங்க, எவ்வளவு போடுறாங்கன்னு தெரியாம எப்படிடா குறைக்கிறது?” இரண்டு நாள் அங்கும் இங்கும் விசாரித்தார், ராத்திரி தூக்கம் போச்சு, கடைசியில் பயந்துபோய் 1550 எழுதினார். கடை அவருக்குத்தான். முடிவு வந்தபோது அடுத்தவர் கேட்ட தொகையும் தெரிந்தது: 900. அதாவது 901 எழுதியிருந்தால் போதும். மாதம் கிட்டத்தட்ட 650 வெள்ளி, 36 மாதத்துக்கு 23,400 வெள்ளி. கடை நன்றாகத்தான் ஓடியது, ஆனால் அந்த 650 இன்றைக்கும் அவரை உறுத்துகிறது.

இப்படி நடக்கும் ஏலத்துக்கு முதல் விலை ஏலம் என்று பெயர். இதில் நல்ல முடிவு எடுக்க உங்கள் மதிப்பு தெரிந்தால் மட்டும் போதாது, மற்றவர்களின் மதிப்பையும், அவர்கள் எவ்வளவு குறைத்து எழுதுவார்கள் என்பதையும், நீங்கள் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து ஊகிக்கவேண்டும்.

சரி, விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றுவோம். அதிகம் கேட்டவருக்கே கடை, ஆனால் அவர் கட்டவேண்டியது தான் கேட்ட தொகையை இல்லை, இரண்டாவதாக வந்தவர் கேட்ட தொகையை. மாமா இப்போது என்ன எழுதவேண்டும்? 1800. அப்பட்டமாக, மனதில் இருப்பதை அப்படியே. ஏன் என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் பாடத்தின் சாரமே இந்த ஒரு பத்திதான்.

மாமா பழக்கதோஷத்தில் 1500 எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிராளிகளில் அதிகம் கேட்டவர் 1200 என்று எழுதியிருந்தால், 1500 எழுதினாலும் 1800 எழுதினாலும் மாமாவே வெல்வார், இரண்டிலும் கட்டுவது 1200. எதிராளி 2000 என்று எழுதியிருந்தால் எப்படி எழுதியிருந்தாலும் தோல்விதான். வித்தியாசம் எங்கே வருகிறது? எதிராளி 1500-க்கும் 1800-க்கும் நடுவே, 1650 என்று எழுதியிருந்தால் மட்டும். 1800 எழுதியிருந்தால் வென்று 1650 கட்டி மாதம் 150 மிச்சம் பிடித்திருப்பார், 1500 எழுதியதால் கடையே போச்சு. ஆகக் குறைத்து எழுதியதால் எந்த நிலையிலும் ஒரு காசு லாபம் இல்லை, ஒரு நிலையில் நட்டம். அதேபோல ஆசைப்பட்டு 2000 எழுதினால்? எதிராளி 1900 எழுதியிருந்தால் மாமா வென்று 1900 கட்டுவார், 1800 மதிப்புள்ள கடைக்கு மாதாமாதம் 100 வெள்ளி கைநட்டம். கூட்டி எழுதியும் லாபம் இல்லை.

கவனித்தீர்களா, எதிராளி யார், அவர் புத்திசாலியா முட்டாளா, எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்று ஒரு இடத்திலும் நாம் கேட்கவே இல்லை. நீங்கள் எழுதும் தொகை நீங்கள் வெல்கிறீர்களா என்பதை மட்டுமே முடிவு செய்கிறது, எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பது இன்னொருவர் கையில் இருக்கிறது. அந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லாமல் போகிறது. மற்றவர்கள் என்ன செய்தாலும் இதைவிட நல்லது வேறில்லை என்று சொல்லக்கூடிய உத்திக்கு ஆதிக்க உத்தி என்று பெயர். இதில் ‘பலவீன ஆதிக்கம்’ என்று ஒரு வகை உண்டு: சில நிலைகளில் மற்ற உத்தியும் இதே அளவு பலன் தரும், ஆனால் ஒருபோதும் இதை மிஞ்சாது. மேலே 1200, 2000 என்ற இரண்டு நிலைகளிலும் சமமாக இருந்ததால் நம்முடையது பலவீன ஆதிக்கம். தேர்வில் அந்த ‘பலவீன’ என்ற சொல்லை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும், எழுத மறக்காதீர்கள்.

நாஷ் சமநிலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பலர் குழம்புகிறார்கள். நாஷ் சமநிலை என்றால் மற்றவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் எனக்கு மாற்றிக்கொள்ளக் காரணம் இல்லை என்பது. ஆதிக்க உத்தி என்றால் அந்த ‘வைத்துக்கொண்டால்’ தேவையே இல்லை. இதே இரண்டாம் விலை ஏலத்தில் விசித்திரமான நாஷ் சமநிலைகளும் இருக்கின்றன: மாமா 3000 எழுதுகிறார், எதிராளி பூஜ்யம் எழுதுகிறார், மாமா கடையை இலவசமாக எடுத்துக்கொள்கிறார். எதிராளி மாற்றிக்கொள்ள நினைத்தால் வெல்வதற்கு 3000-க்கு மேல் எழுதி 3000 கட்டவேண்டும், கடைக்கு அவ்வளவு மதிப்பு இல்லை, ஆகவே மாற்றமாட்டார். மாமாவுக்கும் மாற்றக் காரணம் இல்லை. சமநிலைதான், ஆனால் யாரும் இதை எதிர்பார்த்து ஏலத்துக்குப் போகமாட்டார்கள். பயிற்சித் தாள்களில் பேராசிரியர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

இந்த இரண்டாம் விலை வாதத்தை 1961-ல் ஒரு கட்டுரையில் எழுதியவர் வில்லியம் விக்ரி, கனடாவில் பிறந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிங்கப்பூர்தான் ஞாபகம் வரும். 1950-களிலேயே, நெரிசல் நேரத்தில் சாலையைப் பயன்படுத்துபவர் மற்றவர்களுக்கு ஏற்படுத்தும் தாமதத்துக்கு விலை கட்டவேண்டும் என்றும், நேரத்துக்கு ஏற்ப அந்த விலை மாறவேண்டும் என்றும் சொன்னவர் அவர். 1975-ல் இங்கே நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்கள் நாளுக்கு 3 வெள்ளி உரிமத்தாள் வாங்கி ஒட்டவேண்டும் என்று வந்தது, 1998-ல் அது ஈஆர்பி என்ற மின்னணுச் சாலைக் கட்டணம் ஆனது. விக்ரிக்கு 1996 அக்டோபர் 8-ஆம் தேதி நோபெல் அறிவித்தார்கள், மூன்றே நாளில் இறந்துவிட்டார், ஈஆர்பி-யைப் பார்க்க அவர் இல்லை. சாலைக் கட்டணமும் ஏலமும் தொடர்பில்லாத இரண்டு விஷயம் போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் இடத்தை எடுத்துக்கொள்வதால் இன்னொருவர் எவ்வளவு இழக்கிறார்? இரண்டாம் விலை என்பதும் அதுதானே, நீங்கள் இல்லாவிட்டால் கடை யாருக்குப் போயிருக்குமோ அவருக்கு அது எவ்வளவு பெறுமோ அந்தத் தொகை.

இப்போது சிஓஇ-க்கு வருவோம். 1990-ல் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில், பத்து வருடத்துக்கு ஒரு வாகனம் வைத்துக்கொள்ளும் உரிமையை நிலப் போக்குவரத்து ஆணையம் ஏலம் விடுகிறது. பொதுவாகத் திங்கள் பகல் 12 மணிக்குத் தொடங்கி புதன் மாலை 4 மணிக்கு முடியும். ஒரு சுற்றில் ஒரு பிரிவில் ஆயிரம் சான்றிதழ் இருந்தால், அதிகம் கேட்ட ஆயிரம் பேருக்கும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொருவரும் தான் கேட்டதைக் கட்டுவதில்லை, எல்லாரும் ஒரே விலைதான் கட்டுகிறார்கள், தோற்றவர்களில் அதிகம் கேட்டவர் எவ்வளவு கேட்டாரோ அதோடு 1 வெள்ளி. இரண்டாம் விலையை ஆயிரம் பொருளுக்கு நீட்டினால் ஆயிரத்து ஒன்றாம் விலை, அவ்வளவுதான்.

2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனது நினைவிருக்கிறதா? பேருந்து நிறுத்தத்தில்கூட அதுதான் பேச்சு. அந்தக் கடைசி 1-ஐப் பாருங்கள். 150,000 கேட்டுத் தோற்றுப்போன ஒருவரின் தடம் அது. ஏலத்தில் நீங்கள் உள்ளிடுவதும் உங்கள் உச்ச வரம்பைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் விலை அந்த வரம்பைத் தாண்டும்வரை உங்களுக்காகக் கணினியே கேட்டுக்கொண்டு போகும், வரம்பைப் பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. உங்கள் மனதில் இருக்கும் உச்சம் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்கும் இயந்திரம் என்று சொல்லலாம்.

விலை ஏறிக்கொண்டே போகும் ஏலமும் மூடிய உறையில் நடக்கும் இரண்டாம் விலை ஏலமும் ஒன்றுதான் என்பதைப் பாடத்தில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது புரிந்தது தஞ்சாவூரில் பாட்டி வீட்டுத் திண்ணையில் நடந்த ஏலச் சீட்டை வைத்துத்தான். 10,000 ரூபாய்ச் சீட்டு, பணம் அவசரமாக வேண்டியவர் கழிவு கேட்டு எடுக்கவேண்டும். ஓர் அத்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டும், 1500 வரை விட்டுக்கொடுக்கத் தயார். மற்றவர்கள் 1100-ல் நின்றுவிட்டால் அத்தை 1110-க்கே எடுத்துவிடுவார், 1500 என்ற எண் அவர் வாயிலிருந்து வரவே வராது. வென்றவர் அத்தை, விலையை வைத்தவர் அவருக்கு முன் நின்றுபோனவர். ஆனால் சீட்டில் ஒரு சிக்கல் உண்டு: கழிவுத் தொகை மற்ற உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும், அதனால் பணம் வேண்டாதவரும் அத்தையின் அவசரம் தெரிந்து விலையை ஏற்றிவிடுவார். தோற்பவருக்கும் விலை ஏறுவதில் பங்கு இருக்கும் இடத்தில் விக்ரியின் வாதம் நிற்காது. திண்ணையில் இருந்த எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது.

சிஓஇ-யிலும் அந்த வாதம் முழுசாக நிற்பதில்லை, காரணம் வேறு. ஒருவருக்கு ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றால் உண்மையை எழுதுவதுதான் நல்லது. ஆனால் கார் விற்பனையாளர்கள் பல வாடிக்கையாளர்களுக்காகச் சேர்த்துக் கேட்கிறார்கள். சிறிய எடுத்துக்காட்டு போடுவோம். இரண்டே சான்றிதழ். ஒரு விற்பனையாளருக்கு இரண்டு வாடிக்கையாளர்கள், ஒருவர் வழியாக 100,000 வெள்ளி வரை தாங்கும், இன்னொருவர் வழியாக 90,000. வெளியாள் ஒருவர் 95,000 கேட்கிறார். விற்பனையாளர் உண்மையை எழுதினால் 100,000-மும் 95,000-மும் வெல்லும், தோற்றது அவருடைய சொந்த 90,000, ஆகவே விலை 90,001, அவருக்கு மிச்சம் 9,999. இரண்டாவதை 50,000 என்று குறைத்து எழுதியிருந்தால்? வெல்பவர்கள் அதே இருவர், விலை மட்டும் 50,001, மிச்சம் 49,999. தன் தோல்வியே தன் வெற்றிக்கு விலை வைக்கும்போது குறைத்து எழுதத்தான் தோன்றும். பாடத்தில் இதைத் தேவைக் குறைப்பு என்பார்கள். ஆயிரக்கணக்கில் போட்டி இருக்கும்போது ஒருவரின் கேட்பு விலையே எல்லைக்கோட்டில் போய் நிற்கும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் வாதம் எங்கே உடைகிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும். எல்லாரும் ஒரே விலை கட்டாமல், ஒவ்வொருவரும் தன்னால் மற்றவர்களுக்கு ஏற்பட்ட இழப்பைக் கட்டினால் உண்மை மறுபடி திரும்பிவரும். 1971-ல் கிளார்க், 1973-ல் குரோவ்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதைப் பொதுமைப்படுத்தியதால் மூவர் பெயராலும் விக்ரி–கிளார்க்–குரோவ்ஸ் முறை என்கிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகு எல்லாரும் கேட்கும் கேள்வி: வென்றவர் கேட்டதைவிடக் குறைவாகக் கட்டினால் விற்பவருக்கு நட்டம்தானே? 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 2 வெள்ளிக்கு விழுந்தது. நெருக்கடி நேரம், கேட்டவர்களுக்குச் சான்றிதழ் கிட்டத்தட்ட போதுமானதாக இருந்தது, தோற்றவர் கேட்டது 1 வெள்ளி, ஆக 2. அதைவிட அதிகம் கேட்டவர்களும் 2 வெள்ளிதான் கட்டினார்கள். நியூசிலாந்தில் 1990-ல் அலைக்கற்றையை அடிமட்ட விலை வைக்காமல் இரண்டாம் விலையில் விற்றபோது இதைவிடக் கண்ணை உறுத்தும்படி நடந்தது: 100,000 டாலர் கேட்ட நிறுவனம் 6 டாலர் கட்டியது, 70 லட்சம் கேட்ட நிறுவனம் 5,000 கட்டியது. மக்கள் கொதித்தார்கள். போட்டியில்லாத இடத்தில் அடிமட்ட விலை வைக்காமல் இந்த ஏலத்தை நடத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் போட்டி இருக்கும் இடத்தில் ‘நட்டம்’ என்பது சரியில்லை. முதல் விலை என்றால் மக்கள் குறைத்து எழுதுவார்கள் என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் ஒப்பிடுகிறோம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டே பேர் போட்டியிடுகிறார்கள், ஒவ்வொருவரின் மதிப்பும் 0-க்கும் 3000-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்புடன் இருக்கலாம், ஒருவர் மதிப்புக்கும் மற்றவர் மதிப்புக்கும் தொடர்பில்லை. எதிராளி தன் மதிப்பில் பாதியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம், அப்போது அவர் எழுதும் தொகை 0-க்கும் 1500-க்கும் நடுவே விழும். மாமா 900 எழுதினால் வெல்லும் வாய்ப்பு 900/1500, அதாவது 60%. வென்றால் மிச்சம் 900, சராசரி ஆதாயம் 540. 1100 எழுதினால் வாய்ப்பு 73%-க்குக் கூடும், மிச்சம் 700-ஆகக் குறையும், சராசரி 513. 700 எழுதினாலும் அதே 513. 1800-ஐ இரண்டாகப் பிரித்து அந்த இரண்டு துண்டையும் பெருக்கினால், சரிபாதியாகப் பிரிக்கும்போதுதான் பெருக்குத்தொகை மிக அதிகம், வகைநுண்கணிதம்கூட வேண்டாம். ஆக எதிராளி பாதி எழுதினால் நானும் பாதி எழுதுவதுதான் நல்லது, அதுவே சமநிலை.

இப்போது விற்பவர் பக்கம் போவோம். 0 முதல் 3000 வரை உள்ள கோட்டில் குருட்டாம்போக்கில் இரண்டு புள்ளி வைத்தால், சராசரியாக அவை கோட்டை மூன்று சம துண்டாக வெட்டும்: சிறியது 1000, பெரியது 2000. முதல் விலை ஏலத்தில் பெரியவர் வெல்வார், தன் மதிப்பில் பாதியைக் கட்டுவார், சராசரி 1000. இரண்டாம் விலை ஏலத்தில் பெரியவர் வென்று சிறியவரின் மதிப்பைக் கட்டுவார், சராசரி 1000. ஒரே தொகை! இதை முதல்முறை கையால் போட்டுப் பார்த்த அன்று நூலகத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வருவாய்ச் சமத் தேற்றம் என்று சொல்வது இதைத்தான், 1981-ல் பொருளியலாளர் மயர்சன் இதைப் பொதுவான நிலைக்கு நிறுவினார், 2007-ல் நோபெல் வாங்கிய மூவரில் அவரும் ஒருவர்.

தேற்றம் நிற்க நிபந்தனைகள் உண்டு. மதிப்புகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை, எல்லாரும் ஒரே வாய்ப்புப் பரவலிலிருந்து வருபவர்கள், யாரும் இடருக்குப் பயந்தவர் இல்லை. கடைசி நிபந்தனைதான் மாமா விஷயத்தில் உடைந்தது. கடை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் கூட்டி எழுதினார், அப்படிப்பட்டவர்கள் நிறைந்த இடத்தில் முதல் விலை ஏலம்தான் விற்பவருக்கு அதிகம் தரும்.

இதே கணக்கை மூன்று பேருக்குப் போட்டுப் பாருங்கள். முதல் விலையில் ஒவ்வொருவரும் தன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு எழுதுவதுதான் சமநிலை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டில் மூன்று புள்ளி வைத்தால் நான்கு சம துண்டு என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏலத்திலும் விற்பவருக்குச் சராசரி 1500 வெள்ளி என்று வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.